உயரப் பொடியும் டாக்டர் மரகதமும்

வானூர் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டாக்டர் மரகதம் இறந்துவிட்டார். மாலைக்குள் வாட்ஸ்அப்பில் "இன்முகம் மாறாதவர்" என்று ஒரு செய்தி சுற்றியது. எழுதியவர் அவரைப் பார்த்ததேயில்லை. உப்பளத்துப் பக்கமிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவரோடு நர்ஸாக இருந்தவள் நான். அந்த முகம் எத்தனை கடுகடுப்பானது என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை மீனவக் குப்பத்திலிருந்து ஒரு தாய் பதினொரு வயது மகளைக் கூட்டி வந்தாள். சில மாதங்களில் மளமளவென்று உயர்ந்துவிட்ட பெண்.

"முட்டைய நிறுத்திட்டேன்மா. இப்படியே ஒசந்துகினு போனா எங்க போயி மாப்ள தேடறது?"

"இந்த வயசுல சில பொண்ணுங்க சட்டுனு ஒசருவாங்க. அதுக்குத்தான் நல்லா சாப்பிடணும். முட்டைய நிறுத்தினா ஒடம்புதான் கெடும். கொழந்தைய வெச்சிகினு மாப்ள பேச்சு பேசற, வெக்கமா இல்ல?" என்று சீறினார் டாக்டர்.

அஞ்சுவின் கதை வேறு. வகுப்பிலேயே குள்ளமான பெண். உப்பள வேலைக்குப் போகும் அவள் அம்மா லட்சுமி, கடைவீதி மருந்துக்கடைக்காரர் பேச்சை நம்பி, கூலியில் உயரப் பொடி வாங்கிக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த பொடி டப்பாவை டாக்டர் முகர்ந்தார். "சர்க்கரையும் சாக்லேட் வாசனையும்." குப்பையில் போட்டார்.

லட்சுமி சமாதானமாகச் சிரித்தாள். "போவுதும்மா. ரெண்டு வருஷமா துணிச் செலவு இல்ல. பழைய பாவாடையே பத்துது."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்நேரமும் தூங்கறாளா? வெயில்லயும் குளிருதுங்கறாளா?" என்று கேட்டார். இரண்டுக்கும் லட்சுமி தலையாட்டினாள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியதில் தைராய்டு குறைபாடு என்று தெரிந்தது.

"நாங்க ரெண்டு பேருமே குள்ளந்தாங்க" என்று இழுத்தார் கூட வந்திருந்த அஞ்சுவின் அப்பா.

"குள்ளமா இருக்கறது சீக்கு இல்லய்யா. வளந்துகினு இருந்தவ நின்னுபோனதுதான் சீக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஒப்பிடாத. போன வருஷத்து இவளோட ஒப்பிடு."

மாத்திரை தொடங்கியதும் அஞ்சு வளர ஆரம்பித்தாள். உடனே மருந்துக்கடை வாசலில் அவள் படத்தோடு பேனர் தொங்கியது: "எங்கள் பொடியின் சாதனை!" அத்தனை மானங்கெட்ட பிழைப்பை நான் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் டாக்டரும் லட்சுமியும் நானும் போனோம்.

"வெளம்பரந்தானே மேடம், வுடுங்க" என்று இளித்தார் கடைக்காரர்.

"உன் பொடிய நம்பி இவ இன்னும் ரெண்டு வருஷம் ஒக்காந்திருந்தா, அந்தப் பொண்ணு கதி என்னய்யா?" என்றார் டாக்டர்.

யாரையும் எதிர்த்துப் பேசியறியாத லட்சுமி, கடைக்காரரின் ஸ்டூலையே இழுத்துப் போட்டு ஏறி, பேனரைக் கயிற்றோடு பிடுங்கி எறிந்தாள். "நல்லா செஞ்ச" என்றார் டாக்டர். அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

போன வாரம், நான் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, படித்த தகப்பன் ஒருவர் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் மகளுக்கு உயர ஊசி போடச் சொல்லி வந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "அந்த மரகதம் டாக்டரம்மா மாதிரியே திட்டறீங்களே" என்று முணுமுணுத்தபடி போனார்.

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வாயைத்தான். அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.