சிவப்பு பார்டர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். போட்டோவுக்கு பார்டர் போடுவது. தைத்து வரும் ‘அப்பர்’களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, ஒவ்வொன்றாகப் படமெடுத்து, தையல் நேராக இருந்தால் பச்சை பார்டரும் கோணினால் சிவப்பு பார்டரும் போட்டு ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். “பி.எஸ்சி. படிச்சிட்டு கலர் அடிக்கிறியா?” என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும். அவன் படிப்புக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் தைப்பவர்களின் தலையெழுத்தே அந்தக் கலரில்தான் இருந்தது. பையர் தையலை உற்றுப் பார்ப்பதில்லை, கலரைத்தான் எண்ணுவான். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தைத்தவரின் டோக்கன் நம்பர் தெரியும். சிவப்பு ஜாஸ்தியானால் மெஷினிலிருந்து இறக்கி, நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா அங்கேதான் மெஷின் ஓட்டினாள். காலையில் கம்பெனி வேனில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள் அவள்தான். அவள் தையலுக்கு நான் ஒருநாளும் சிவப்பு போட்டதில்லை. சலுகையெல்லாம் இல்லை, கோணல் இருந்தால்தானே போடுவதற்கு!

வெள்ளிக்கிழமைகளில் மேனேஜர் தொழுகைக்குக் கிளம்புவதற்குள் மெயில் போயாக வேண்டும். போகாவிட்டால் மத்தியானம் முழுக்கத் திட்டு விழும். அன்றைக்கு அக்காவின் படங்கள் மட்டும் பாக்கி. “இன்னாம்மா, இன்னும் முடியலியா?” என்று சூப்பர்வைசர் என் தலைமேல் வந்து நின்றார். ஒவ்வொன்றாகப் போட நேரமில்லை. எல்லாம் பச்சைதானே என்று போல்டரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து பார்டர் போட்டேன். அதற்கு முன்னால் வேறொருவர் படத்துக்குச் சிவப்பு வைத்திருந்தேன். அதை மாற்ற மறந்துவிட்டேன். ஒரு படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியும் விட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தியே இல்லை.

திங்கட்கிழமை பையரிடமிருந்து பதில் வந்தது. இந்த டோக்கன்காரர் இனி எங்கள் ஆர்டரைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தான். படங்களைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் சிவப்பு. ஐயோ! சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

“சார், தப்பு என்னுது. எல்லாம் பச்சை சார்.”

அவர் கதவைச் சாத்தினார். “இத இப்போ சொன்னா, இதுவரிக்கும் நாம அனுப்புன போட்டோ எல்லாத்தையும் சந்தேகப்படுவான். ஆர்டரே போய்டும். உன் வேலையும் போய்டும், என் வேலையும் போய்டும். கம்முனு இரு.”

“அப்போ அந்த அக்கா?”

“நூல் வெட்டட்டும். வேலைய உட்டா தூக்கிட்டோம்?”

மேனேஜர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. இது சாக்கு என்று எனக்கே தெரியும், வேறென்ன சொல்ல? திருடனுக்குத் தேள் கொட்டியதைப் போல வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மெஷினிலிருந்து இறக்கியதற்கு அக்கா சண்டை போட்டிருந்தால்கூட நான் உண்மையைக் கக்கியிருப்பேன். பாவி, அவள் சண்டையே போடவில்லை. தன் கண்தான் மங்கிவிட்டது என்று நம்பிவிட்டாள். லீவு போட்டு வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டினாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதை அவள் நம்பவில்லை. வரும் வழியில் லாங் பஜாரில் ஒரு கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து வேனில் வழக்கம்போல எனக்கு இடம் வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தாள். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமோ கெஞ்சி, அவர்கள் மெஷினில் தைத்துப் பார்த்ததாம்.

“நீதான் தெனம் போட்டோவ பெருசு பண்ணிப் பாக்கறவ. மறைக்காம சொல்லுடி. எனக்குக் கோணலாத்தான் போவுதா?”

துண்டை வாங்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதைப் போல அவ்வளவு நேராக இருந்தது தையல்.

“லேசா கோணுதுக்கா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“நீ ஒருத்தியாவது உண்மைய சொன்னியே” என்றாள்.