திரையில் வந்த அப்பா

தான் திருப்பூரில் வளர்ந்த கதையை என் மகள் சினிமாவாக எடுத்திருந்தாள். முதல் நாளே பார்க்கப் போனேன். எங்கள் பனியன் கம்பெனியில் தையல் கோணி ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட்டுகளை மாட்டிக்கொண்டு வீடே அலைவதைத் திரையில் கண்டு அரங்கம் சிரித்தது. ஒரு கை மட்டும் நீளமாய்ப் போன டி-ஷர்ட்டோடு பள்ளி விழா மேடையேற மாட்டேன் என்று சிறுமி அழுகிறாள். அப்பாவும் அதேபோல ஒன்றை மாட்டிக்கொண்டு மேடையில் அவள் பக்கத்தில் நிற்கிறார். கைதட்டல் ஓயவில்லை.

உண்மையில் அன்று நான் அவளை எல்லார் முன்னாலும் அறைந்து, மேடையேற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

படம் முடிந்து வெளியே வந்ததும், என்னை அப்பா என்று மகள் அறிமுகப்படுத்த, ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படியொரு அப்பன் எல்லாருக்கும் வாய்க்காதுங்க!"

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். கூடாது என்று முடிவெடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் சொன்னேன்.

"நான் மேடைக்கு வரலீங்க. புள்ளைய அடிச்சேன்." பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். "தப்புப் பண்ணிட்டேன், கண்ணு."

அவள் என் தோளைத் தொட்டாள். "நீங்க திரும்பி வருவீங்கன்னு மேடைல நின்னு வாசலையே பாத்துட்டிருந்தேனுங்கப்பா. அப்ப நெனச்சதத்தான் படமா எடுத்தேன்."

அவள் மறந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகள் மன்னிப்புக் கேட்காமல் இருந்தேன். மறந்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்.