நான்கு சான்றுகளும் சிவப்பு மையில் ஒரு கேள்வியும்

1. தேர்வுக்கூடம்

2006 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.47. தூறல். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்ததில் என் சட்டையின் இடது தோள் மட்டும் நனைந்திருந்தது. இடது மட்டும் ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அறையில் 42 பெஞ்சுகள், வந்திருந்தவர்கள் 31 பேர். அவர்களில் நான்தான் மூத்தவன். ஹால் சூப்பர்வைசராக இருந்த பெண் என்னைப் பார்த்து, "அப்பா, பிள்ளைய உட்கார வச்சிட்டு நீங்க வெளிய நில்லுங்க" என்றார்.

"எழுதப் போறதே நாந்தாம்மா" என்றேன். முன்பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஒரு அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் 34 வருடம் எழுத்தர். அங்கே கண்காணிப்பாளர் பதவி காலியாக இருந்தது. அதற்கு வரலாற்றில் எம்.ஏ. வேண்டும். அஞ்சல் வழியில் சேர்ந்து பத்துத் தாளில் ஒன்பதை முடித்திருந்தேன். பத்தாவது தாள் இது. ஓய்வுக்கு மீதி 17 மாதம் 14 நாள். இந்தத் தாளில் தேறினால் கண்காணிப்பாளராக ஓய்வு பெறுவேன், இல்லாவிட்டால் எழுத்தராகவே வீட்டுக்குப் போவேன்.

கட்டாயக் கேள்விக்கு இருபது மதிப்பெண். ஒரு நெசவாலை வேலைநிறுத்தம் பற்றி நான்கு சான்றுகள் கொடுத்திருந்தார்கள். முதல் சான்று, மேலாளர் தன் முதலாளிக்கு எழுதிய கடிதம்: "312 பேர் வேலைக்கு வந்தார்கள், ஆலை வழக்கம்போல் ஓடியது." இரண்டாவது, தொழிலாளர் மனு: "ஒருவரும் உள்ளே போகவில்லை." மூன்றாவது போலீஸ் அறிக்கை. அதில் வாசலில் கூட்டம் இருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான்காவது, உற்பத்திப் பதிவேட்டின் ஒரு பக்கம்: வழக்கமான நாளில் 1,900 கஜம் துணி, அன்றைக்கு 140 கஜம். இவற்றைக் கொண்டு, வேலைநிறுத்தம் எந்த அளவுக்கு வெற்றி பெற்றது என்று கட்டுரை எழுத வேண்டும்.

எனக்குச் சிரிப்பே வந்தது. நாலு காகிதத்தை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுவதுதானே என் பிழைப்பு. ஆறு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு சான்றுக்கும் வரிசை எண், தேதி, அனுப்பியவர், பெறுநர். 1,900-இல் 140 என்பது நூற்றுக்கு ஏழு சொச்சம் என்று கணக்குப் போட்டேன். முதல் சான்றுக்கும் நான்காவது சான்றுக்கும் முரண்பாடு காணப்படுகிறது என்று அடிக்கோடிட்டேன். கடைசி வரியைக் கை தானாகவே எழுதியது: "மேற்கண்டவை தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகின்றன."

2. சிவப்பு மை

மார்ச்சில் முடிவு வந்தது. தேற 50 வேண்டும். எனக்கு 45.

கூட்டலில்தான் தவறு இருக்க வேண்டும் என்று நம்பி, பணம் கட்டி விடைத்தாளின் நகலை வாங்கினேன். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகவே இருந்தது. கட்டாயக் கேள்விக்கு இருபதுக்கு நான்கு போட்டிருந்தார்கள். ஓரத்தில் நான்கு இடங்களில் ஒரே வார்த்தை: "அதனால்?" என்னிடம் இருந்த ஜெராக்ஸில் அது கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் திருத்துபவர்கள் சிவப்பில்தான் எழுதுவார்கள் என்பதால் என் மனதில் அது சிவப்பாகவே பதிந்துவிட்டது.

அதனால் என்ன? எண் தவறா, தேதி தவறா? ஒரு வாரம் அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"ஏங்க, மேனேஜர் புளுகுறான்னு இதுலயே தெரியுதே. நீங்க ஏன் எழுதல?"

"அதை நான் எப்பிடி எழுதறது?"

"உங்க அப்பா இருபத்தாறு வருஷம் மில்லுல நின்னாரு. மேனேஜரு கடுதாசி எப்பிடி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

"அப்பா சொன்னதெல்லாம் ரெக்கார்டு இல்ல."

"அப்ப ரெக்கார்டையே கட்டிக்கிட்டு அழுவுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

3. 1973-ஆம் வருடத்து ரசீது

இதைச் சொன்னால்தான் என் கை அப்படி எழுதியதற்குக் காரணம் புரியும். வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் ஒரு கோப்பில் இரண்டு ரசீதுகள் இருந்தன. இரண்டிலும் ஒரே ஆளின் பெயரில் கையெழுத்து, ஆனால் துளியும் ஒத்துப் போகவில்லை. "இரண்டாவது ரசீது போலி என்று தெரிகிறது" என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். என் மேலதிகாரி பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், ஐயா என்பதற்கு 'மெஸ்யே' என்பார். கூப்பிட்டு விட்டார்.

"மெஸ்யே கலியபெருமாள், போலின்னு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியுதுங்க."

"கண்ணால பாத்தத எழுது. மனசுல பட்டத வீட்ல வச்சிட்டு வா. முடிவு பண்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உனக்கு எடுத்து வைக்கிறதுக்குச் சம்பளம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் எழுத வைத்தார். "கையெழுத்துகளில் வேறுபாடு காணப்படுகிறது" என்று எழுதினேன். அன்று முதல் 33 வருடங்களில் என் குறிப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைதான் இருபதுக்கு நான்காக வந்து நின்றது என்பதை ஏற்க முடியவில்லை.

4. மே மாத வகுப்பு

அஞ்சல் வழி மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் நேர்முக வகுப்பு உண்டு. பிலோமினா என்கிற விரிவுரையாளர் எடுத்தார். வயது முப்பத்திரண்டுக்கு மேல் இருக்காது. வகுப்பு முடிந்ததும் நகலை நீட்டினேன். நின்றபடியே ஆறு பக்கத்தையும் படித்தார்.

"சார், எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருக்கீங்க. இவ்ளோ கண்டுபிடிச்சவங்களுக்கு நாலு மார்க் வந்து நான் பாத்ததில்ல."

"அப்ப எதுல போச்சு மேடம்?"

"நீங்க யாரை நம்புறீங்க?"

"நாலுமே ரெக்கார்டுல இருக்கே மேடம்."

"இருக்கட்டும் சார். யாரு உண்மை சொல்றாங்க?"

"அதை மேல உள்ளவங்கதான் சொல்லணும்."

"இங்க மேல யாரும் இல்ல சார். நீங்கதான்."

நான் பேனாவை அவரிடம் நீட்டினேன்.

அவர் நகலின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியதை இப்போது தேர்வு எழுதுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் வரியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு சான்றையும் பற்றி, எழுதியது யார், யாருக்கு எழுதினார், அவர் பொய் சொன்னால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும். முதலாளிக்குக் கடிதம் எழுதும் மேலாளருக்கு ஆலை ஓடியதாகச் சொன்னால் வேலை தங்கும். மனு எழுதும் தொழிலாளிக்கும் கூட்டிச் சொல்வதில் லாபம் உண்டு. ஒருவருமே போகவில்லை என்றால் அந்த 140 கஜத்தை நெய்தது யார்? பதிவேடு எழுதியவர் யாரையும் நம்பவைக்க எழுதவில்லை, துணியை அளந்து எழுதினார். எனவே பதிவேட்டை வைத்து மற்ற மூன்றையும் உரசிப் பார்க்க வேண்டும். சான்றுகளை 1, 2, 3, 4 என்று வரிசையாகச் சுருக்கி எழுதக் கூடாது. ஒன்றோடு ஒன்றை மோதவிட வேண்டும். மோதினால் ஒன்று உடையும். எது உடைந்தது என்று எழுதுவதுதான் கட்டுரை.

"அப்பா மில்லுல இருந்தாரு மேடம். அதைச் சேக்கலாமா?"

"அதை மார்க்குக்காகச் சேக்காதீங்க. மேனேஜர சந்தேகப்படறதுக்கு மட்டும் வச்சிக்குங்க."

ஐந்து வாரத்தில் பதினெட்டுக் கட்டுரை எழுதிப் பழகினேன். முதல் பதினொன்றில் கடைசி வரியில் "சமர்ப்பிக்கப்படுகிறது" வந்து விழுந்தது. அடித்தேன். பன்னிரண்டாவதிலிருந்து வரவில்லை.

5. ஜூன் தேர்வும் ஜூலைக் கேள்வியும்

2007 ஜூன் 10. இந்த முறை ஏரித் தண்ணீர்த் தகராறு, ஐந்து சான்றுகள். முதல் வரியில் எழுதினேன்: "மணியக்காரரின் அறிக்கை நம்பத்தக்கதல்ல. காரணங்கள் மூன்று." யாராவது கூப்பிட்டு விடுவார்களோ என்று இரண்டு தடவை கதவைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை மூன்றாவது வாரம் எங்கள் நிர்வாக அதிகாரி சாந்தகுமாரி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் பதவி உயர்வுக் கோப்பு இருந்தது. பட்டியலில் இரண்டு பெயர். ஒன்று தணிகாசலம், எனக்குப் பதினான்கு வருடம் ஜூனியர், எம்.ஏ. முடித்தவர். அடுத்தது என் பெயர், பக்கத்தில் "தேர்வு முடிவு நிலுவை".

"கலியபெருமாள் சார், கமிட்டிய 31-ஆம் தேதி வச்சிருக்காங்க. உங்க ரிசல்ட் எப்ப வரும்?"

"ஆகஸ்டுல வந்துடும் மேடம்."

"பாஸ் ஆயிடுவீங்களா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கேன் மேடம்."

"ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி என்னால நோட் போட முடியும். சீனியர்னு காரணம் காட்டலாம். ஆனா நீங்க கேட்டாத்தான் போடுவேன். வேணும்னே இழுக்கறேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. சொல்லுங்க, தள்ளி வைக்கணுமா?"

வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியும். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூனுக்கும் தெரியும். சுவரில் கடிகாரம் 11.20 காட்டியது. நான் சொன்னேன்: "ரெண்டு விதமாவும் செய்யலாம் மேடம். நீங்க பாத்து எப்பிடிச் செஞ்சாலும் சரி."

அவர் பேனாவைத் திறந்தார். "உங்களுக்கு அவ்ளோ ஆர்வம் இல்லபோல" என்று சொல்லிக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

இருக்கைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நான் என்ன சொன்னேன் என்பது எனக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று நான்கு தடவை எழுந்தேன். நான்காவது தடவை கதவு வரைக்கும் போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டேன்.

31-ஆம் தேதி கமிட்டி கூடித் தணிகாசலத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆகஸ்ட் 23 அன்று என் முடிவு வந்தது. 61. கட்டாயக் கேள்விக்கு இருபதுக்குப் பதினாறு.

தணிகாசலம் நல்ல பையன். பதவியேற்ற முதல் நாள் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க கேட்டிருந்தா மேடம் தள்ளி வச்சிருப்பாங்களாமே, ஏன் கேக்கல?" என்றார். மேசையில் இருந்த கோப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். தாளில் மணியக்காரரைப் பொய்யர் என்று எழுதிய ஆளும் மேடத்தின் முன்னால் நின்ற ஆளும் ஒருவர்தானா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

இளையவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். சான்றை வைத்து முடிவு சொல்லப் பழகுகிறவர்கள் தாளில் மட்டும் பழகாதீர்கள். வாயாலும் பழகுங்கள், உங்கள் சொந்த விஷயத்தில் பழகுங்கள். யாராவது உங்களிடமே முடிவைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டு, பிறகு காரணம் சொல்லுங்கள்.

2008 மே 31 அன்று எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். முடிவு சொல்லாததற்கு ஆன கணக்கு இது: நகலுக்கும் மறுதேர்வுக்கும் கட்டியது 450. பத்து மாதச் சம்பள வித்தியாசம், மாதம் 620 வீதம், 6,200. ஓய்வூதிய வித்தியாசம் மாதம் 310 வீதம், இந்த 2009 டிசம்பர் வரை பத்தொன்பது மாதத்துக்கு 5,890. பஞ்சப்படியைச் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.