நேராகத் தெரிந்த கம்பு

எங்கள் படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் ஒரு கம்பு தொங்குகிறது. ஸ்நூக்கர் ஆடுகிற கம்பு. கிளப்பில் கியூ என்பார்கள், எங்கள் வீட்டில் அது எப்போதும் கம்புதான். கைபிடிக்கிற அடிப்பக்கம் கருங்காலி, மேலே வெளிறிய சீமை மரம், நுனியில் பித்தளை வளையமும் தோல் பொட்டும். போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர் அதைக் கழற்றிக்கொண்டுபோய் வெயிலில் காம்பவுண்டுச் சுவரில் சாத்திவிட்டார். பதறியடித்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளவாக்கில் பார்த்துவிட்டு, "இது வளைஞ்சில்லா கெடக்கு, அக்கா. ஒட்டடை அடிக்கக் கட்டிக்கிடவா?" என்று கேட்டார். கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு. உள்ளதைத்தான் சொன்னார்.

அது மாமாவின் கம்பு. மாமா என்றால் என் கணவரின் அப்பா. ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணிக் கால்வாய்களின் கரையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். கரை போட்டாலும் மதகு கட்டினாலும் முதலில் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாராம். நூல் பிடித்துப் பார்க்கிறவர்கள் அதற்குப் பிறகுதான் நூலை எடுப்பார்களாம். வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. காலண்டர் சாய்ந்திருக்கிறது என்பார், கதவு நிலை ஒரு மயிரிழை இறங்கிவிட்டது என்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், விருந்தாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது என் தலையைப் பார்த்து, "ஏம்மா, வகிடு கொஞ்சம் மேக்க போகுதே, ஒங்க ஊருக்கு வழி தேடுதியா?" என்று கேட்டு என்னை அழவைக்கப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு மறுநாள் சீப்பின் காம்பை வைத்து அளந்து வகிடு எடுத்தேன். "இப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அத்தை இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே பிடிமானம் பாளையங்கோட்டையில் அந்த கிளப்தான். சாயங்காலம் காபி குடித்த கையோடு போய்விடுவார். ஆட்டத்தில் பெரிய சூரர் என்று சொல்ல முடியாது, ஆனால் நீளமான நேர் அடிகளில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரே சொல்லுவார். ஒரு வருஷம் அவருக்கு அடி தவற ஆரம்பித்தது. முதலில் பழி விழுந்தது மேல் விசிறியின் மேல். பிறகு மேசை விரிப்பின் மேல். கடைசியில் கிளப்பில் பொதுவாகக் கிடக்கும் கம்புகளின் மேல். "அத்தனையும் கோணிக் கெடக்கு. கோணக் கம்ப வச்சு எவன் நேரா அடிப்பான்?" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட ஆடுகிறவர்கள் சிரித்தது அவரை உள்ளுக்குள் அறுத்தது. சொந்தமாக ஒரு கம்பு செய்து வாங்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினார். அப்படி ஒரு நம்பிக்கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் கணவர் வெளிநாட்டில் இருந்தார். மாமா சில மாதங்களாக ஸ்கூட்டரைத் தொடவில்லை, முட்டி வலி என்று சொல்லியிருந்தார். அதனால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பேட்டையில் ஒரு கடைசல் பட்டறை. கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைகிற இடம். அதோடு இந்தக் கம்புகளும். நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கேட்டு வருவார்களாம், பட்டறைக்காரருக்குக் கை ஓயாத வேலை. முந்தைய மாதமே மாமாவை நிற்கவைத்தும் குனியவைத்தும் அளவு எடுத்திருந்தார். அன்றைக்கு அந்த அளவில் நாலைந்து கம்புகளைத் துணி விரித்து வைத்திருந்தார். "செஞ்சு கொடுக்கதுதான் என் வேலை. இதுதான் உங்களுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். எது கையில நிக்குதுன்னு நீங்கதான் பாக்கணும், அண்ணாச்சி" என்றார். அது அவர் வழக்கம்.

மாமா அன்று மாப்பிள்ளை பார்க்க வந்தவர்போல இருந்தார். முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஒவ்வொன்றாக எடுத்து விரலில் வைத்து எடை பார்த்தார், அடியைத் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு கம்பைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்து, இடது கண்ணை மூடி, நுனிவரைக்கும் பார்த்தார்.

"என்னவே, இது நடுவுல நெளியுது?"

பட்டறைக்காரர் அதை வாங்கி, கண்ணாடி பதித்த மேசையில் உருட்டிவிட்டார். வளைந்த கம்பாக இருந்தால் தத்தித் தத்தி உருளும், கண்ணாடியில் தட்டும். இது ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. மாமா தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் நெளிந்தது. அதற்கடுத்ததும். எல்லாம் மேசையில் ஒழுங்காகத்தான் ஓடின. "மேசை சரியில்லையோ என்னவோ" என்றார் மாமா. பட்டறைக்காரர் முகம் சிவந்துவிட்டது. நானும் ஒன்றை எடுத்து அவரைப் போலவே பார்த்தேன். நேராக இருந்தது. துணியிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாமா சுவரோரம் போனார். அங்கே ஒரு கம்பு சாத்தியிருந்தது. ஆட்டத்துக்கென்று செய்ததுதான், மழைக்காலத்தில் ஈரம் ஏறி வளைந்துபோய், உயரத்திலுள்ள ஜன்னலைத் தள்ளித் திறக்க வைத்திருந்த கம்பு. மாமா அதை எடுத்தார், தூசியைத் தட்டினார், கண்ணுக்கு நேரே பிடித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதாம்வே நேரா இருக்கு! இத ஒளிச்சு வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் காட்டுதீரு!"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கம்பு வளைந்திருப்பது வாசலில் நின்றாலே தெரியும். கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். மாமா செருப்பு மாட்டப் போன நேரத்தில் என்னிடம் பைய, "தாயி, இதுக்கு நான் துட்டு வாங்க மாட்டேன். மொதல்ல கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். வீடு வரும்வரை மாமா ஸ்கூட்டரின் பின்னால் கம்பைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். "நடுவுல ஆத்துச் சுழி மாதிரி எல்லாக் கோடும் இழுத்துட்டுப் போகுது" என்றார் மாமா. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறது, நேரானது வளைந்தும் வளைந்தது நேராகவும் தெரிவது அதனால்தான், வலது கண்ணுக்கு நேரம் கடந்துவிட்டது, இடது கண்ணை ஊசி போட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னார்கள்.  வீட்டுக்கு வந்ததும் மாமா கம்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உருட்டினார். டக், டக் என்று தட்டிக்கொண்டே போயிற்று.

"வளைஞ்சுதான் இருக்கு, இல்ல?"

"ஆமா, மாமா."

பிறகு கிளப்புக்குப் போகவில்லை. கூட ஆடியவர்கள் ஆரம்பத்தில் வந்து பார்த்தார்கள், அப்புறம் வருவது நின்றுபோயிற்று. இடது கண்ணும் மெல்ல மெல்ல அதே வழியில் போனது. ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. என்னிடம் பேச வேண்டுமானால் ஜன்னலைப் பார்ப்பார், அப்போதுதான் ஓரத்தில் நான் கொஞ்சம் தெரிவேன். ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வகிடு நேரா எடுக்கியாம்மா?" என்று கேட்டார். எடுக்கேன் மாமா என்றேன். 

பட்டறைக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலும். அந்தத் தைப்பொங்கல் சமயத்தில், மாமாவின் அளவில் செய்த நல்ல கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "அந்தச் சனியனக் குடுத்துருங்க, அண்ணாச்சி. என் பட்டறையில இருந்து அது வந்துச்சுன்னு நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு" என்றார். மாமா புதுக் கம்பைக் கையில் வாங்கி அடியிலிருந்து நுனிவரை தடவினார். நல்ல கம்பு என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும்வே. கடைசியா என் கண்ணுக்கு நேராத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

பட்டறைக்காரர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார். போகும்போது என்னிடம், "சாத்தி வைக்காதீங்க, தாயி. தொங்கவிடுங்க. சாத்தினா இன்னும் வளையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பீரோவுக்குப் பின்னால் ஆணி அடித்து நூல் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

மாமா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளையடித்தவர் போன பிறகு கம்பை மேசையில் உருட்டிப் பார்த்தேன். டக், டக். சத்தம் முன்புபோலத்தான் இருந்தது, வெயில் ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், எனக்கு வளைந்துதான் தெரிந்தது. மறுபடி அதே ஆணியில் தொங்கவிட்டேன். வளைந்த கம்பு இன்னும் வளையக் கூடாது என்று நான் காவல் காப்பதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் இதற்கு மேல் வளைந்தாலும் சரி, நிமிர்ந்தாலும் சரி, அது மாமா பார்த்த கம்பு இல்லை.