பக்கத்துக் கட்டில் சொன்ன வழி

போன ஐப்பசி மழையில், திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நடந்தது இது.

என் மகனுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கழுத்து நிற்காது, பேச்சு வராது. அவன் அம்மா இறந்தபின் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். பூக்கடைக்கு மாலை கட்டிக் கொடுத்துக்கொண்டு அவனோடேயே இருக்கிறேன்.

அடிக்கடி அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கும். ஈரக்காற்றுதான் காரணம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். தலைக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். வெளியே தூக்கிப் போவதையும் விட்டேன். மெல்ல மெல்ல எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவதும் நின்றது. சளி மட்டும் நிற்கவில்லை. அந்த முறை நிமோனியா என்று ஆக்சிஜன் வைத்தார்கள்.

ஆக்சிஜனை எடுத்த அன்று கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். கைக்குழந்தைக்குப் போல மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கில் புகட்டினேன். அவன் அம்மாவும் அப்படித்தான் புகட்டுவாள். பக்கத்துக் கட்டிலில் இதே நோயுள்ள மகளோடு ஓர் அம்மா இருந்தார். அந்தப் பிள்ளைக்கு மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

"ஏண்ணே, படுக்க வச்சு ஊத்துறீகளே, உங்களுக்கு அப்படி ஊத்துனா எறங்குமா?" என்றார்.

புதியவர்களிடம் எனக்குப் பேச வராது. அவரே வந்து மகனை நிமிர்த்தி என்மேல் சாய்த்து உட்காரவைத்தார். தாடையைச் சற்றுக் கீழே இறக்கினார். கஞ்சியில் இட்லியை மசித்துக் கெட்டியாக்கி, ஸ்பூன் நுனியில் கொடுத்துவிட்டு அவன் விழுங்கும்வரை காத்திருந்தார். இந்தப் பிள்ளைகளுக்குச் சரியாக விழுங்க வராதாம். இருமல்கூட இல்லாமல் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடுமாம். "எங்களுக்குப் பிந்தித்தான் தெரிஞ்சுச்சு" என்றார். நான் தலையாட்டினேன். "வாயத் தொறந்தா முத்து உதிந்துருமாக்கும்?" என்று சிரித்தார்.

சாயங்காலம் டாக்டரும் அதையே சொன்னார்.

மறுநாள் மகனுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு. வீட்டுக்குப் போனார்களா, வேறு ஏதுமா? நர்ஸிடம் கேட்க எழுந்தேன். கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மழைக்கு இதுவரை ஆஸ்பத்திரி போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அவனை உட்காரவைத்துத்தான் ஊட்டுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் அவன் விழுங்கக் காத்திருக்கும்போது அந்தக் கட்டில் நினைவுக்கு வருகிறது. அன்று கேட்காத ஒரு வார்த்தை இன்னமும் என் தொண்டையிலேயே நிற்கிறது.