வேண்டாம் என்று சொன்ன இடம்

"மஞ்சள் படத்துக்கு. வெள்ளை சத்தத்துக்கு." அண்ணி வீடியோ வயரின் இரு முனைகளையும் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்தது. எங்கள் கடை மாடியில் இருந்தது. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அண்ணன் கேமராவை நிறுத்திவிட்டார். அண்ணி மட்டும் கையை இறக்கவில்லை. இறக்கினால் திரும்ப அதே இடத்தில் பிடிக்க வராது என்று, ரயில் முழுவதும் கடந்து போகிறவரை வயரைத் தூக்கிப் பிடித்தபடியே, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிற்பும் அந்தச் சிரிப்பும்தான். அதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் அதிகம் பார்க்கவில்லை.

அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்த வீடியோ கடையைத் தொடங்கினார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் படம் எடுப்பார். நான் கடையில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வேன். அண்ணி கிள்ளானில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. மதியம் பள்ளி முடிந்ததும் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவார். அந்த நாள்களில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டேப் போட்ட கேமராக்கள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியிருந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ கப்பலில் போகும் மருமகனோ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எடுப்பது எளிதாக இருந்தது. எடுத்ததை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சின்ன டேப் வீட்டு வீடியோ டெக்கில் நுழையாது. கேமராவிலிருந்து வயர் கொடுத்து அதைப் பெரிய டேப்புக்கு மாற்ற வேண்டும். பிறகு இரண்டு டெக்குகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஓடவிட்டு, வேண்டிய துண்டுகளை மட்டும் மற்றொன்றில் பதிந்து சேர்க்க வேண்டும்.

இதைக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணிதான் உட்கார்ந்து விளக்குவார். அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு நாள் பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், முந்தின வாரம் கேட்ட அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டுவிட்டுப் போனதும், அண்ணி நாற்காலியில் சாய்ந்து சொன்னார்: "இதையே ஒரு டேப்புல பேசி வச்சிட்டா என்னங்க? வீட்டுல போட்டுப் பாத்துப் பாத்துச் செய்யட்டும் லா. புரியலன்னா பின்னால ஓட்டிக்குவாங்க." அண்ணன் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டார். தமிழில் அப்படி ஒரு பாடம் அதுவரை இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை.

பாடத்துக்கு ஒரு மாதிரிப் படம் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துப் போட முடியாது. அதனால் பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிள்ளான் வீட்டில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள். ஊரார் விசேஷங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு திரிந்த என் அண்ணன், சொந்தப் பிள்ளையை உட்கார்ந்து எடுத்தது அநேகமாக அந்த ஒரு நாள்தான். டீவியில் அது ஓட, அண்ணி பக்கத்தில் நின்று விளக்க, இரண்டையும் சேர்த்து அண்ணன் கேமராவில் பிடித்தார். பலூன் வெடித்ததும் பாப்பா வீறிட்டு அழுதுகொண்டு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். அண்ணி பாடம் சொல்லும் குரலில் சொல்வார்: "இங்க பாருங்க, படம் ஆடுது, பிள்ள அழுவுது. இது நமக்கு வேணாம். இந்த இடத்துல நிறுத்திக்குங்க." பிறகு பாப்பா மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, கன்னத்தில் கண்ணீரோடு நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருவாள். மூக்கும் ஒரு கண்ணுமாகத் திரை நிறைந்துவிடும். லென்ஸுக்குள் எட்டிப் பார்த்து ஏதேதோ பேசுவாள். அண்ணி பேசிக்கொண்டேயிருப்பார். அவர் மூச்சு வாங்குகிற ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் பாப்பாவின் குரல் தெளிவாகக் கேட்கும்: "உள்ள யாரு இருக்கா?" உடனே அண்ணி, "இதுவும் வேணாம்" என்பார். கடைசியில், "எல்லாத்தையும் பெரிய டேப்புக்கு மாத்தின பிறகு சின்ன டேப்பை நீங்க திரும்பப் பயன்படுத்திக்கலாம்" என்று சொல்லி, கைகூப்பிப் பாடத்தை முடிப்பார்.

அந்த டேப்பைப் பிரதியெடுத்து, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கிள்ளான், பூச்சோங், கேரி தீவுத் தோட்டங்கள் என்று எங்கெங்கோ போனது. பாசாரில், காய்கறி வாங்குகிற இடத்தில், அண்ணியைப் பார்த்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட "டேப் டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கேமராக்கள் மாறிவிட்டன. பழைய பாடம் பொருந்தவில்லை. ஏரிப் பூங்காவில் எடுத்த படத்தை வைத்து அண்ணி புதுப் பாடம் ஒன்று செய்தார். பழைய பாடத்தின் மூல டேப்பின் மேலேயே புதியதைப் பதிந்தோம். கடைகளில் அது வழக்கந்தான். யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி என்று சொன்னார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று நாங்கள் நினைத்த நாளில்தான் அவள் உடம்பு குளிர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடினார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலையில் அவள் இல்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, ஒரு மத்தியானம் அண்ணி அந்தப் பிறந்தநாள் டேப்பைப் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வெட்டி ஒட்டி முடித்த டேப் அது. பாப்பா சிரிக்கிறாள், மெழுகுவர்த்தியை ஊதுகிறாள், கேக்கைக் கன்னத்தில் பூசிக்கொள்கிறாள். சிவப்புக் கவுனின் நிறம் ஓரங்களில் வழிந்து பரவியிருந்தது. பின்னணியில் முழுக்க ஒரு வாத்திய இசை. அந்தக் காலத்தில் அதுதான் அழகு என்று, அசல் சத்தத்தை எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தோம். அண்ணி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல அவ குரலே இல்லியேம்மா" என்றார்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும், "அந்தச் சின்ன டேப்பு எங்கங்க?" என்று அண்ணி கேட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு அவசரமாக டேப் தேவைப்பட்டபோது அதை எடுத்துப் போட்டுப் பதிந்துவிட்டிருந்தார். அதைச் சொன்னார். அண்ணி கத்தவில்லை, அழவும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்த "சரி"க்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது சாப்பாடு, கதவு, விளக்கு இவ்வளவுதான். அண்ணி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பாலர் பள்ளியிலிருந்தும் நின்றுவிட்டார். பிள்ளைகள் கூட்டமாகப் பேசுவதைக் கேட்க முடியவில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வருவார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பூச்சோங் பெரியவர் கடைக்கு வந்து, "பாவம்மா உன் அண்ணன். என் வீடு தேடி வந்து பழைய பாட டேப்பு இருக்கான்னு கேட்டாரு. நான் அதுல பந்தாட்டம் ரெக்கார்ட் பண்ணிட்டேன். எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கண் கலங்கினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடம் வாங்கிப் போன வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். சிலர் மேலே சினிமா பதிந்துவிட்டார்கள். சிலர் வீட்டில் டேப் பூஞ்சை பிடித்து, ஓடாமல் ரோசாக் ஆகிவிட்டிருந்தது. சிலர் வீடு மாறிப் போய்விட்டார்கள். டேப் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று அவர் அண்ணியிடம் வாய் திறக்கவில்லை.

கடைசியில் கேரி தீவில் ஒரு வீட்டில் டேப் இருப்பதாகத் தெரிந்தது. அண்ணன் ஒரு நண்பரின் காரை வாங்கிக்கொண்டு வந்து, அண்ணியிடம், "பாப்பா குரல் இருக்கிற டேப்பு ஒரு வீட்டுல இருக்கு. வரியா?" என்று கேட்டார். அண்ணி புடவை மாற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அண்ணியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "டீச்சர்! நீங்களா? வாங்க வாங்க, பசியாறினீங்களா?" என்று உள்ளே கூட்டிப்போனார். டேப் எதற்கு என்று அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வெளியே சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பெண் வெகுளியாகக் கேட்டார்: "அதுல வர்ற பாப்பா நல்லா இருக்கா? இப்ப வளந்திருக்குமே? எங்க பிள்ளைங்களுக்கு அந்தப் பாப்பான்னா உயிரு." அண்ணன் தரையைப் பார்த்தார். அண்ணிதான் பதில் சொன்னார். "நல்லா இருக்கா."

டேப் ஓடியது. பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பலூன் வெடிக்கும் இடம் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். பாப்பா அழுதாள். "இது நமக்கு வேணாம்" என்றது டீவியில் அண்ணியின் குரல். பாப்பா நடந்து வந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தபோது, இரண்டு பிள்ளைகளும் டீவிக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அவளோடு சேர்ந்து கூவினார்கள்: "உள்ள யாரு இருக்கா?" கூவிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது தினசரி விளையாட்டு. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த வீட்டுப் பெண்ணின் சிரிப்பு மெல்ல நின்றது. அவர் அண்ணியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். புறப்படும்போது டேப்பை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் நின்றார்.

பாலத்துக்குச் சற்று முன்பு அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, பாப்பா போன பிறகு முதல் முறையாக வாய்விட்டு அழுதார். அண்ணி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்.

"அழிச்சது நீங்கதான். அழிக்கச் சொல்லிக் குடுத்தது நான். ஊருக்கே சொல்லிக் குடுத்தேன். விடுங்க."

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்ல வேணாம். வீட்டுக்குப் போவோம்."

கடையில் அண்ணன் அதைப் பிரதியெடுத்தபோது அண்ணி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதையும் வெட்டவில்லை. ஆனால் அண்ணிக்கு ஒரு மனக்குறை இருந்தது. பாப்பா லென்ஸுக்குள் பேசியதில் அந்த ஒரு கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அவருடைய குரலே ஏறி நின்றது. அண்ணன் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் கூடின, குறைத்தால் இரண்டும் குறைந்தன. "நான் கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம்" என்று அண்ணி அடிக்கடி சொல்வார். பாடம் எடுக்க அவர் மறுபடி கேமரா முன்னால் நிற்கவே இல்லை.

அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. கடை இருந்த கட்டடத்தை இடித்து, அங்கே இப்போது உயரமான அடுக்குமாடி நிற்கிறது. அண்ணன் காலமான பிறகு அண்ணி என்னோடுதான் இருக்கிறார். இன்றைக்கு எந்தச் சந்தேகம் என்றாலும் கைப்பேசியைத் தட்டினால் யாரோ ஒருவர் வந்து பாடம் சொல்கிறார். பிள்ளைகள் தும்முவதைக்கூடப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், எதையும் அழிக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணி எழுந்துவிடுவார். கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்.

சென்ற மாதம் என் மகள் அந்த டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். இப்போது இரண்டு குரல்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்றும் சொன்னாள். "அத்தை, பாப்பா பேசுறதை மட்டும் எடுத்துத் தரட்டா?" அண்ணி சரி என்று தலையசைத்தார். இத்தனை வருடங்களாக மறைந்து கிடந்த பேச்சு வெளியே வந்தது. "அப்பா... பலூன் ஒடஞ்சிருச்சு... அம்மா வா... உள்ள யாரு இருக்கா?" சுற்றிலும் எந்தச் சத்தமும் இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தச் சின்னக் குரல் மட்டும். அண்ணி கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். முடிந்ததும் என் மகளின் கையைப் பற்றினார்.

"வேணாம் லா. தனியா நிக்கிறா. என் சத்தத்தையும் திரும்பப் போட்டுடு."