சைக்கிளுக்குக் கேட்ட வழி

பஸ் மகளை இடிக்கவில்லை, உரசிக்கொண்டுதான் போனது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சைக்கிளோடு கிடந்தவளைத் தூக்கி எடுத்தவள் நான். இன்றைக்கும் வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

சைக்கிளை ஆசைக்காக வாங்கிக் கொடுக்கவில்லை. சலுகைக் கட்டண சீசன் டிக்கெட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் கொட்டகலை ரோட்டில் பஸ்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். நான் வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போக என்னாலும் முடியாது.

பெரிய ரோட்டைத் தொடாமலே அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போக எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு காலத்தில் கொழுந்து ட்ரக்டர் ஓடிய தடம். மலையைச் சுற்றி மட்டமாகப் போய், கடைசியில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் சரிவாக இறங்கும். குழிகளை மூடி, சரிவுக்குக் கொங்கிரீட் போட்டால் பிள்ளைகள் சைக்கிளில் போய்விடலாம். இதைச் சொல்லிக்கொண்டு தாய் தகப்பன்மார் சிலபேர் பிரதேச சபை மெம்பரிடம் போனோம். நல்ல யோசனை என்றார். தோட்டத்தை நடத்தும் துரைகூட, தேயிலைச் செடியில் கை வைக்காவிட்டால் சரி என்று சொல்லிவிட்டார். இவ்வளவு லேசாக நடக்கிறதே என்று அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

அளவெடுக்க சபையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மரியாதையான ஆள், தமிழ் தெரியாது. இது என்ன பாதை என்று சிங்களத்தில் கேட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "அடி பார" என்றோம். குறுக்குக்கு சிங்களத்தில் எங்கள் வாயில் வருகிற சொல் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி என்றும் சொன்னோம். சைக்கிள் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. மெம்பரிடம் அத்தனை தடவை சொல்லியாயிற்று, மறுபடி எதற்கு என்று இருந்துவிட்டோம். அவர் தலையாட்டிவிட்டு நாடாவை விரித்தார்.

சில மாதங்களில் சீமெந்து வந்து இறங்கியது. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஆசையாகப் பார்க்கப் போனேன். மட்டமான தடத்தில் குழிகள் அப்படியே கிடந்தன. சரிவு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, படிகள். பிடித்து இறங்க நடுவில் இரும்புக் கம்பி வேறு. ஓரமாக உருட்டிக்கொண்டு போகக்கூட வழியில்லை.

திரும்பும் வழியில், சீமெந்து கொடுத்த ஹார்ட்வெயார் கடைக்கார நானா என்னைக் கண்டதும், "டீச்சர், இதுல சைக்கிள் ஓடணும்னா புள்ளைய சர்க்கஸ்ல சேர்த்துதான் பழக்கணும்" என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

நேரே மெம்பரிடம் போனேன்.

"அடிப்பாதைன்னு சொன்னது நீங்கதானே டீச்சர்? நடக்கிற பாதைக்குப் படிதான் கட்டுவாங்க."

"சைக்கிளுக்குன்னு உங்ககிட்ட எத்தனை தரம் சொன்னோம்?"

"சொன்னீங்க. அளவெடுக்க வந்த தம்பிகிட்ட சொல்லலையே."

படிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் அகலத்துக்காவது சாய்வாகப் போட்டுத் தரச் சொன்னேன். வேலை முடிந்த இடத்துக்கு இப்போதைக்கு மறுபடி காசு ஒதுக்க மாட்டார்கள் என்றார்.

திறப்பு விழாவில் நன்றி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போகும் வழியில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மழைக்காலத்தில் மூட்டையோடு அவள் வழுக்கி விழுந்த இடமாம், இனிப் பயமில்லையாம். அவள் முகத்தைப் பார்த்தபிறகு படிகளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொன்னேன். சைக்கிளுக்கும் ஒரு வழி வேண்டும் என்று ஆரம்பித்தேன். பேச்சு முடிந்ததென்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மகள் மறுபடி பெரிய ரோட்டுக்குத்தான் சைக்கிளைத் திருப்பினாள். அத்தனை படியும் தூக்கிக்கொண்டு இறங்க அவளால் ஆகாது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, "பஸ் வந்தா எறங்கி ஓரமா நின்னுக்கிறேம்மா" என்றாள்.

எந்த ஓரத்தில் நிற்பாள்? அந்த ரோட்டுக்கு ஓரமே இல்லை என்று சொல்லித்தானே இத்தனை வாசல் ஏறி இறங்கினேன்.